பெட்டி தட்டுது, நெஞ்சு பதில் சொல்லுதா

தம்பி,

நலம், நலமறிய ஆவல்னு எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்னிக்கு அந்த முதல் வார்த்தைக்கே கை வரமாட்டேங்குது. நான் நலமா இல்ல. அதனால அதைத் தாண்டிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். காலையில ஆறு மணிக்கு மாடிப்படியில விழுந்துட்டேன். பால் பாக்கெட் எடுக்க இறங்கினேன், மூணாவது படியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது, அது வரைக்கும்தான் ஞாபகம். கண்ணத் தொறந்தா கீழ்வீட்டு ஆட்டோக்காரன் ஏகாம்பரம் என் தலையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இன்னா அண்ணாத்தே, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய் கீதேன்னு கேட்டுக்கினே என் கன்னத்தைத் தட்டறான். உடனே ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நின்னான். நான்தான் பன்னெண்டு மணிக்குப் போகலாம்னு சொல்லி அவனைச் சவாரிக்கு அனுப்பி வெச்சேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு திட்டிக்கினே போயிருக்கான். ஏன் பன்னெண்டு மணின்னு பின்னாடி சொல்றேன்.

இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. மூணு தடவை போன்ல சொன்னேன். மூணு தடவையும் நீ பாதியில நிறுத்திட்ட. லெட்டர்ல அந்த வேலை நடக்காது பாரு, நான் முடிக்கிற வரைக்கும் நீ படிச்சுத்தான் ஆகணும். கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்துல முப்பத்தஞ்சு வருஷமா ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பண்ணினவன் நான். நீ டை கட்டிக்கிட்டு பம்பாய்லேர்ந்து ஊர் ஊராப் பறந்து, டாக்டருங்களுக்கே பேஸ்மேக்கர் பத்திப் பாடம் சொல்றவன். அப்பன் என்னத்தைக் கண்டான்னு உனக்குத் தோணறது இயற்கைதான். எனக்குக்கூட என் அப்பா பத்தி அப்படித்தான் தோணுச்சு. ஆனா இந்தத் தடவை நான் சொல்றது வயசான காலத்துப் புலம்பல் இல்ல. கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுக்குள்ள நீ தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு என் நெஞ்சுக்குள்ள இருக்கிற பேஸ்மேக்கர் பெட்டியைப் பத்தி. இன்னொண்ணு உங்கம்மா நெஞ்சுக்குள்ள இருந்த பெட்டியைப் பத்தி.

என் பெட்டியில ஆரம்பிக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நாடி நாப்பதுக்குக் கீழ இறங்கிப் போய், கடையில உட்கார்ந்த இடத்துலயே தூங்கி விழ ஆரம்பிச்சப்ப, நீதான் ஓடி வந்து எல்லா ஏற்பாடும் பண்ண. உங்க கம்பெனியோட புதுப் பெட்டிதான் வைக்கணும்னு டாக்டர்கிட்ட அடம் பிடிச்ச. ஆபரேஷனுக்கு முன்னால சாப்பாட்டு மேஜையில உட்கார வெச்சு எனக்குப் புரியற மாதிரி சொல்லிக் கொடுத்த. பழைய பெட்டிங்க குருட்டுத்தனமாத் தட்டும்ப்பா, நெஞ்சு அதுக்கு அசைஞ்சுதா இல்லையான்னு அதுங்களுக்குத் தெரியாது, எதுக்கும் இருக்கட்டும்னு பலமாவே தட்டிக்கிட்டு இருக்கும், பேட்டரி சீக்கிரம் காலியாயிடும்னு சொன்ன. இந்தப் புதுசு அப்படி இல்லியாம். ஒரு தடவை தட்டிட்டு, கண் சிமிட்டற நேரத்துல ஒரு துளி நேரம் காது கொடுத்துக் கேக்குமாம். தசை சுருங்கினா அதுலேர்ந்து ஒரு சின்ன மின்சாரம் திரும்பி வரும், அதுதான் பதிலாம். பதில் வந்தா சரி. வரலைன்னா அடுத்த நொடியே பலமா இன்னொரு தட்டு. அது மட்டும் இல்லாம, எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தானே கொஞ்சம் கொஞ்சமா பலத்தைக் குறைச்சுப் பாத்து, எவ்வளவு மெல்லத் தட்டினாப் போதும்னு கண்டுபிடிச்சு வெச்சுக்குமாம். நீ சொல்லச் சொல்ல எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு. என் புள்ள இப்பேர்ப்பட்ட சாமானோட பழகறான்னு ஏகாம்பரத்துக்கிட்ட ஒரு வாரம் பீத்திக்கிட்டேன்.

ஆபரேஷன் அன்னிக்கு எனக்கு மரத்துப்போற ஊசிதானே போட்டாங்க, முழிப்பாத்தான் இருந்தேன். முகத்துக்கு மேல பச்சைத் துணியைக் கட்டி மறைச்சிருந்தாலும் காது திறந்துதானே இருக்கு. பெட்டியிலேர்ந்து நெஞ்சுக்குள்ள போற அந்த வயர், உங்க கம்பெனி வயர், இன்னும் வரல, கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு யாரோ சொன்னாங்க. வேற கம்பெனி வயர் ஒண்ணு இருக்கு, போடலாமான்னு டாக்டர் உன்னைக் கேட்டார். நீ அந்த வயரோட கவரைத் திருப்பித் திருப்பிப் பாக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், போடுங்க சார், அந்தக் காது கேக்கற வேலையை மட்டும் இப்ப ஆஃப் பண்ணி வெச்சுடலாம்னு சொன்ன. நான் துணிக்குக் கீழ படுத்துக்கிட்டு, என் புள்ள எவ்வளவு யோசிச்சுப் பேசறான்னு சந்தோஷப்பட்டேன். அன்னிக்கு நீ சொன்னது சரிதான். ரெண்டு வருஷம் அது பழைய பெட்டி மாதிரியே பலமாத் தட்டிக்கிட்டு இருந்துச்சு, எனக்கு ஒரு குறையும் இல்ல.

போன மாசம் பத்திரிகை வைக்க வந்தியே, அப்பதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சைதாப்பேட்டையில பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டுட்டு, வெளியிலேர்ந்தே பெட்டிக்கு உத்தரவு போடற உன் சூட்கேஸ் மெஷினைத் திறந்து அந்தக் கறுப்பு வளையத்தை என் சட்டைக்கு மேல வெச்ச. இப்படியே பலமாத் தட்டிக்கிட்டு இருந்தா நாலஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும், மறுபடி கிழிக்கணும், அந்தக் காது கேக்கற ஆட்டோமேட்டிக் வேலையை ஆன் பண்ணிட்டா அதுக்கு மேல இன்னும் பல வருஷம் வரும்ப்பான்னு சொன்ன. ஏதோ கல்யாணத்துக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கற மாதிரிதான் உன் முகம் இருந்துச்சு. ஆன் பண்றதுக்கு முன்னால ஒரு டெஸ்ட் பண்ண. மெஷின்லேர்ந்து பேப்பர் வந்துச்சு. நீ பாத்துட்டு கிழிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்ட. மறுபடி டெஸ்ட். மறுபடி பேப்பர், மறுபடி பையில. என்னைக் கொஞ்சம் சாய்ஞ்சு உட்காருங்கன்னு சொன்ன, வளையத்தை நகர்த்தி வெச்ச, மூணாவது தடவை பண்ண. அப்பதான் சிரிச்ச. ஓகேப்பா, பாஸ் ஆயிடுச்சுன்னு சொன்ன.

மறுநாள் நீ ரயில் ஏறிட்ட. நீ அவிழ்த்துப் போட்ட சட்டையைச் சலவைக்குப் போடறப்ப அந்த ரெண்டு பேப்பரும் கையில கிடைச்சுது. ஏதோ டிக்கெட்டுன்னுதான் பிரிச்சேன். என் இங்கிலீஷ் வால்வு, டிரான்சிஸ்டர் பேரு படிக்கற அளவுக்குத்தான். இருந்தாலும் அடியில பெரிய எழுத்துல போட்டிருந்தது புரிஞ்சுது. இந்த வேலையை ஆன் பண்ண வேண்டாம்னு ரெண்டு பேப்பர்லயும் அந்த மெஷினே சொல்லியிருக்கு.

அப்பவும் நான் பயப்படல. என் புள்ளைக்குத் தெரியாததா. நாலாவது நாள் டி.நகர்ல, கல்யாணத்துக்கு ஜவுளி பாக்கப் போயிருந்தேன், ரங்கநாதன் தெருவுல அந்த நெரிசல்ல திடீர்னு தரை வழுக்கற மாதிரி ஆச்சு. ஒரு கடை ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெயில்னு நினைச்சேன். மணி ரெண்டு. மறுநாளும் அதே மாதிரி, கடையில ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கறப்ப. மணி ரெண்டு. காலையில ஆறு மணிக்கு ஒண்ணு, ராத்திரி படுக்கறப்ப பத்து மணிக்கு ஒண்ணு. ரிப்பேருக்கு வர்ற டிவியில கோளாறு எப்ப வருது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு குறிச்சு வெச்சுக்கறது என் பழக்கம். அதே மாதிரி என் கோளாறையும் ஒரு பழைய பில் புக்குல குறிச்சுக்கிட்டு வந்தேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, தம்பி. பெட்டி தன் பலத்தைக் குறைச்சுப் பாக்கற அதே நேரம். முதல் வாரம் ஒரு சிமிட்டு அளவுதான். ரெண்டாவது வாரம் மூணு எண்ணற வரைக்கும். நேத்து மத்தியானம் எட்டு எண்ணினேன். இன்னிக்குக் காலையில எத்தனைன்னு எனக்குத் தெரியாது, எண்ணறதுக்கு நான் இல்ல.

நடுவுல டாக்டர்கிட்டயும் போனேன். பதினோரு மணிக்கு ஈசிஜி எடுத்தாங்க. பதினோரு மணிக்கு எல்லாம் அழகாத்தானே இருக்கும். உங்க பையனே இந்தப் பெட்டியில எக்ஸ்பர்ட், அவரே செக் பண்ணியிருக்கார், கவலைப்படாதீங்கன்னு முதுகுல தட்டி அனுப்பிட்டார். அந்த ரெண்டு பேப்பரும் அப்ப என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுத்து நீட்ட மனசு வரல. நீட்டினா உன் வேலை என்ன ஆகும்? வேண்டாம்னு மெஷின் சொன்னதை மறைச்சு, சொந்த அப்பனுக்கே ஆன் பண்ணி விட்டான்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா உன்னை வெச்சிருப்பாங்களா? கல்யாணப் பத்திரிகையில உன் பேருக்குக் கீழ அந்த வேலையைத்தானே அச்சடிச்சிருக்கோம். அதை நினைச்சு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். மூணு வாரமா மூடிக்கிட்டு இருக்கேன். அது உனக்கு நான் செஞ்ச நல்லதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குப் படியில விழுந்து எழுந்தப்பதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு உறைச்சுது.

போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? நான் எட்டு மணி நேரக் கணக்கைச் சொல்ல ஆரம்பிச்சேன். நீ சிரிச்ச. "அப்பா, பெட்டி எல்லாத்தையும் பதிவு பண்ணுது. தொண்ணூத்தொம்போது பாயிண்ட் ஒம்போது பர்சென்ட் பதில் வந்திருக்கும். கல்யாண டென்ஷன். எல்லாம் உங்க மனசுலதான்." நான் ரிசீவரை வெச்சுட்டு அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டேன். உன் மேல கோபத்துல இல்ல. அந்தக் கடைசி வார்த்தை என்னோடது. இதே வீட்ல, இதே நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அதே தொனியில உங்கம்மாகிட்ட நான் சொன்னது. இனிமே எழுதப் போறதை நான் சர்ச்சுல செஞ்ச பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட முழுசாச் சொன்னதில்ல.

உங்கம்மாவுக்குப் பெட்டி வெச்சப்ப நீ இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல இருந்த. தண்ணித்துறை மார்க்கெட்ல காய் வாங்கப் போய் மயங்கி விழுந்து, அப்புறம் வெச்சாங்க. வீட்டுக்கு அனுப்பறப்ப அங்க இருந்த நர்ஸம்மா எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, தினம் காலையில கையைப் பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசா நாடி எண்ணி எழுதி வெக்கணும், எழுபதுக்குக் குறைஞ்சா உடனே வரணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு வாரம் பண்ணேன். அப்புறம் என் புத்தி சும்மா இருக்குமா? ரேடியோக்காரன் ஆச்சே. ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ளை வெச்சு, என் சின்ன டிரான்சிஸ்டரை உங்கம்மா நெஞ்சுகிட்டக் கொண்டு போனா, பெட்டி அடிக்கற ஒவ்வொரு அடியும் டிக் டிக்னு கேட்டுச்சு. எண்ணிப் பாத்தா எழுபது. அடேயப்பா, எனக்கு வந்த கர்வம் இருக்கே. நாடி பாக்கறதெல்லாம் பழைய காலம், இது கருவி, இதுதான் துல்லியம்னு முடிவு பண்ணிட்டேன். அன்னியிலேர்ந்து உங்கம்மா கையை நான் பிடிக்கவே இல்ல.

வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பங்குச் சாமியார் வந்தப்பகூடக் காட்டினேன். பாவம், அவ முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு, போதும் விடுங்கன்னு கூச்சத்துல நெளிவா. தினம் காலையில காப்பிக்கு முன்னாடி ரேடியோ. எழுபதுன்னு நோட்டுல எழுதிட்டுக் கடைக்குக் கிளம்பிடுவேன். அந்த நோட்டைப் பாத்தா டாக்டரே அசந்து போவார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எட்டு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் அவ சொன்னா, என்னங்க, உள்ள அடி நின்னு நின்னு வர்ற மாதிரி இருக்குன்னு. ரேடியோவை வெச்சேன். எழுபது. மறுநாளும் சொன்னா. பாத்திரம் தேய்க்கறப்ப கையில பலம் இல்ல, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுன்னா. ரேடியோ. எழுபது. மொத்தம் பன்னெண்டு நாள் சொன்னா, தம்பி. ஒரு நாள் கொஞ்சம் எரிச்சலாவே கேட்டா, "அது சொல்றதைக் கேக்கறீங்க. நான் சொல்றதைக் கேக்க மாட்டீங்களா?" அதுக்குத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எல்லாம் உன் மனசுலதான்னு.

பன்னெண்டாவது நாள் ஞாயித்துக்கிழமை. காலைப் பூசைக்குக் கிளம்பி, புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டே சமையக்கட்டு வாசல்ல சாய்ஞ்சா. நான் ஓடினேன். எங்க ஓடினேன் தெரியுமா? அவகிட்ட இல்ல. ரேடியோவை எடுக்க அலமாரிக்கு. எடுத்துக்கிட்டு வந்து நெஞ்சுல வெச்சேன். டிக், டிக், டிக்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எண்ணினேன். எழுபது. ஒண்ணும் இல்ல, மயக்கம்தான், தண்ணி தெளிச்சாச் சரியாயிடும்னு சொல்லிக்கிட்டே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பக்கத்து வீட்டு அம்மா வந்து அவ கையைத் தொட்டுப் பாத்துட்டு, ஐயோ சில்லுனு இருக்கேன்னு சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பாத்தேன். அவ எப்பவோ போயிட்டா. என் கையில ரேடியோ எழுபது எழுபதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.

அப்புறம் டாக்டர் சொன்னார். பெட்டியில ஒரு கோளாறும் இல்ல, வயர் நுனி இருந்த இடத்துல தசை தடிச்சுப் போயிருக்கும், இல்ல வயர் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பெட்டி தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கு, உள்ள பதில் இல்ல. அதைத்தான் நாடியில பாக்கச் சொன்னோம், தினம் பாத்தீங்களான்னு கேட்டார். பாத்தேன்னு சொன்னேன். வாய் கூசாம சொன்னேன். நீ ஹாஸ்டல்லேர்ந்து வந்து இறங்கி, அம்மாவுக்கு என்னப்பா ஆச்சுன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதியே, அப்ப உன்கிட்டயும் ஒண்ணு சொன்னேன். பெட்டி கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் வேலை செஞ்சுதுடா, ஆண்டவர்தான் கூப்பிட்டுக்கிட்டார்னு சொன்னேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல, அதனாலேயே அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்ல.

நீ அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இந்த வேலைக்கே போன. ஒரு தடவை உன் கம்பெனிக் கூட்டத்துக்கு நான் வந்து பின்னாடி வரிசையில உட்கார்ந்திருந்தேனே, எங்கம்மாவோட பேஸ்மேக்கர் அவங்க கடைசி மூச்சு வரைக்கும் அவங்களைக் கைவிடலன்னு மேடையில சொன்ன. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கேவலமா இல்ல? எழுந்து நின்னு கத்தியிருக்கணும். பெட்டியை நம்பு, உடம்பு சொல்றதை நம்பாதேன்னு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தா, கை என் பக்கம்தான் நீளுது.

நடுவுல பேனாவைக் கீழ வெச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க. மணி பத்தரை ஆச்சு. பதில் வந்தாத்தான் பெட்டி சும்மா இருக்கும், வரலைன்னா பலமாத் தட்டுமே, அப்புறம் எப்படிப்பா மயக்கம் வரும்னு நீ கேப்ப. நானும் மூணு வாரமா அதைத்தான் மண்டையில உருட்டிக்கிட்டு இருக்கேன். என் தொழில்ல ஒரு விஷயம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துடுவாங்க. டிவியை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி வெச்சாலும் பிக்சர் ட்யூப்ல கை வைக்காதே, உள்ள சார்ஜ் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும். உன் வயர் நுனியும் உலோகம்தானே? தட்டின பிறகு அதுலயும் கொஞ்சம் சார்ஜ் தங்கத்தானே செய்யும்? உங்க கம்பெனி வயர்ல அது தங்காம இருக்க ஏதோ பண்ணியிருக்கீங்க, அதனாலதான் அந்த வயரே வேணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கீங்க. எனக்குள்ள இருக்கறது வேற வயர். பெட்டி தட்டிட்டுக் காது கொடுக்குது. தங்கிப்போன தன்னோட சார்ஜே திரும்பி வருது. ஆகா, நெஞ்சு பதில் சொல்லிடுச்சுன்னு எழுதி வெச்சுக்கிட்டு இன்னும் மெல்லத் தட்டுது. சோதனை முடிஞ்சு பலத்தைக் கூட்டின பிறகுதான் நெஞ்சு அசையுது, அதனாலதான் மத்த நேரம் ஒண்ணும் தெரியல. உன் தொண்ணூத்தொம்போது பாயிண்ட் ஒம்போது அதுதானோ என்னவோ. நான் படிச்சவன் இல்ல, தப்பாவும் இருக்கலாம். ஆனா உன் மெஷின் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னது இதுக்காகத்தான்னு எனக்குப் படுது. மூணாவது தடவை அதைச் சரின்னு சொல்ல வெச்சது நீ.

பன்னெண்டு மணிக்கு ஏகாம்பரம் வருவான். இப்பவே போனா மறுபடி எல்லாம் அழகா இருக்குன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அதனால ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்து, ரெண்டு மணிக்கு நெஞ்சுல வயர் ஒட்டியிருக்கற மாதிரி பாத்துக்கிட்டு, டாக்டர் கண்ணு முன்னால நடக்கட்டும்னு இருக்கேன். ஆறு மணிக்கு நடந்தது மாதிரி ரெண்டு மணிக்கும் நடந்தா, பாத்துக்க அங்க ஆளுங்க இருப்பாங்க. அந்த வயர் வேறன்னும், அந்த வேலையை உடனே ஆஃப் பண்ணுங்கன்னும் நானே சொல்லிடப் போறேன். பேப்பரை மட்டும் காட்ட மாட்டேன். ரெண்டையும் இந்தக் கவர்லயே வெச்சிருக்கேன். அதைக் காட்ட வேண்டியவன் நீ. கிழிச்சுப் போடவும் உனக்கு வழி இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் டாக்டர்கிட்டச் சொன்ன பொய் இத்தனை வருஷமா என்னை என்ன பண்ணுச்சுன்னு மட்டும் உனக்குத் தெரியணும்னு இவ்வளவு எழுதினேன்.

வழியில ஏதாவது ஆயிட்டா கல்யாணத்தைத் தள்ளிப் போடாதே. பொண்ணு வீட்டுக்காரங்க நல்லவங்க, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. அந்தப் பொண்ணு சைதாப்பேட்டை ஸ்கூல்ல சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவ, அன்னிக்கு நாம போனப்ப அவ உன்கிட்ட ஏதோ சொல்ல வந்து, நீ வேற பேச்சுல இருந்ததால நிறுத்திக்கிட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ என்ன சொல்ல வந்தான்னு போய்க் கேளு. எனக்காக நீ அழறது உன் இஷ்டம், ஆனா உன்னால நான் போயிட்டேன்னு நீ நினைச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. எனக்கு ஆயுசு கூடணும்னுதான் நீ அதை ஆன் பண்ண. உன் மேல எனக்குக் கோபம் இல்ல, தம்பி. இதை எனக்குச் சொல்ல உங்கம்மாவுக்கு நேரம் கிடைக்கல. நான் உனக்கு எழுதியே வெச்சுட்டேன்.

இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கு ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறப்ப கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு சொன்னாங்களே, அது எனக்கு வர வேண்டிய ஒத்தை வயர் மட்டும் இல்லையே. வந்த வயர் மொத்தமும் மாட்டிக்கிச்சு, ஒரு மாசம் ஆகும்னுதானே பேசிக்கிட்டாங்க. அந்த ஒரு மாசத்துல இங்கயும், மதுரையிலயும், கோயம்புத்தூர்லயும் எத்தனை பேருக்கு உங்க பெட்டியை வேற வயரோட வெச்சிருப்பீங்க? பேட்டரி மிச்சம் ஆகட்டும்னு அதுல எத்தனை பேருக்கு நீ ஆன் பண்ணி விட்ட? அவங்களுக்குப் பில் புக்குல நேரம் குறிச்சு வெக்கத் தெரியாது. படியில விழுந்தா வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. அவங்க வீட்ல பேஸ்மேக்கர் தெரிஞ்ச புள்ளயும் இல்ல. உன்கிட்ட ரிஜிஸ்டர் இருக்கு, பேரும் போன் நம்பரும் இருக்கு. கூரியர் நாளைக்குச் சாயங்காலம் உன் கைக்கு வந்துடும்னு சொன்னாங்க. படிச்சு முடிச்சதும் எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு இங்க போன் போட்டு நேரத்தைக் கடத்தாதே. முதல்ல அவங்களுக்குப் போடு.

உன் அப்பா